ராஜா சூலான் இராஜேந்திர சோழனா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தித்திவங்சா நோக்கிப் போகும் மோனோரெயில் பாதையில் மகாராஜாலேலா, ஹங் துவா, ராஜா சூலான் என்று மூன்று நிலையங்கள் வருகின்றன. முதலாவது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்ட வழக்கில் தூக்கிலிடப்பட்ட பிரபுவின் பெயர். இரண்டாவது பெயருக்குரிய வீரன் உண்மையிலேயே வாழ்ந்தானா என்று 2012இல் வரலாற்றுப் பேராசிரியர் கூ கே கிம் ஐயம் கிளப்பியபோது நாடெங்கும் வாதம் மூண்டது. மூன்றாவது பெயரைப் பற்றி மட்டும் நம்மவரிடையே ஐயம் எழுவதே அரிது. ராஜா சூலான் என்றால் கடாரம் கொண்ட இராஜேந்திர சோழன்தான், தலைநகரின் நடுவே அவன் பெயரில் சாலையே இருக்கிறது என்று மேடைகளில் பெருமையோடு சொல்லிவிடுகிறோம். சாலையைப் பொறுத்தவரை இது பிழை. பழைய வெல்ட் சாலைக்கு ஜாலான் ராஜா சூலான் என்று பெயர் வந்தது, பேராக் சுல்தான் அப்துல்லாவின் மகனும் 1933இல் மறைந்தவருமான ராஜா சர் சூலானின் நினைவாக. ஆயினும் பிழையைச் சுட்டியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் 'மிசா மெலாயு' என்ற பேராக் வரலாற்றை எழுதிய இளவரசர் பெயரும் ராஜா சூலான்தான். பேராக் அரசமரபு மலாக்கா சுல்தான்களின் வழி வந்தது. மலாக்கா சுல்தான்களோ தங்கள் முன்னோர் வரிசையில் சூலான் என்ற ஒரு பேரரசனை வைத்திருந்தார்கள். ஆகவே கேள்வியைச் சாலையிலிருந்து எடுத்து, அந்தப் பெயர் முதலில் பதிந்திருக்கும் நூலின் முன் வைக்க வேண்டும். 'செஜாரா மெலாயு' சொல்லும் அந்த அரசன் யார்?

'சுலாலத்துஸ் சலாத்தின்' என்பது அந்நூலின் இன்னொரு பெயர். ஜொகூரின் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கோடு தொடர்புபடுத்தப்படும் இந்நூலின் பழைய வடிவம் ஒன்றின் முன்னுரை 1612ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அதில் வரும் கதை சுருக்கமாக இது. இஸ்கந்தர் சுல்கர்னைன், அதாவது அலெக்சாந்தர், இந்தியாவுக்கு வந்து ஓர் அரசனை வென்று அவன் மகளை மணக்கிறார். அந்த வழியோடு கெலிங் நாட்டுப் பேரரசர் குடி ஒன்று பின்னாளில் இணைகிறது. (இன்று வசையாகிவிட்ட அந்தச் சொல் அந்நூலில் இந்தியக் கிழக்குக் கரையின் மரியாதையான பெயர்.) அக்குடியைச் சேர்ந்த அரசன் சீனத்தை வெல்லப் பெரும்படையோடு புறப்படுகிறான். வழியில் பேராக்கின் டிண்டிங் பகுதியில் கங்கா நகரத்தை அழிக்கிறான். பிறகு ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டையோடு நின்ற கிளாங் கியூவைப் பிடித்து அதன் அரசன் ராஜா சூலினைக் கொன்று, அவன் மகளை மணக்கிறான். துமாசிக் வரை வந்த கெலிங் அரசனைச் சீனர் தந்திரத்தால் திருப்பி அனுப்புகிறார்கள். பல் போன கிழவர்களும், துருப்பிடித்த ஊசிகளும், காய்த்த மரங்களும் ஏற்றிய கப்பல் வருகிறது. நாங்கள் புறப்படும்போது இளைஞர்கள், இந்த ஊசிகள் கைப்பருமன் இரும்புத் தடிகள், இந்த மரங்கள் வெறும் விதைகள் என்று கிழவர்கள் சொல்ல, சீனம் அவ்வளவு தொலைவா என்று மலைத்துப் படை திரும்புகிறது. அதன்பின் அரசன் கண்ணாடிப் பேழையில் கடலுக்குள் இறங்கி, கடலடி நாட்டு இளவரசியை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெறுகிறான். அந்த வழியினர்தாம் பிற்பாடு பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங் மலையில் தோன்றி மலாய் அரசமரபைத் தொடங்குகிறார்கள். அரசன் பெயர் பிரதிக்குப் பிரதி மாறுகிறது: ஷூலான், சூரன், சூலான். ஒரு பிரதி பாட்டனுக்கும் பேரனுக்கும் பிரித்துக் கொடுக்கும் செயல்களை இன்னொன்று ஒருவன் தலையிலேயே ஏற்றுகிறது. இந்தக் குழப்பமே முதல் சான்று. கதையை எழுதியவர்கள் கையில் ஒரு மனிதனின் வரலாறு தெளிவாக இருந்திருக்கவில்லை.

புராண அரசனுக்குப் பின்னால் மனிதன் உண்டா என்ற கேள்வியில் உலகம் அதிகம் அடித்துக்கொண்டது பிரிட்டனின் ஆர்தரைப் பற்றித்தான். ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தை ஒட்டி எழுதிய கில்தாஸ், பேடன் மலைப் போரைக் குறிப்பிடுகிறார், ஆர்தரின் பெயரைச் சொல்லவில்லை. 12 போர்களின் பட்டியலோடு ஆர்தர் தோன்றுவது 9ஆம் நூற்றாண்டு லத்தீன் நூலொன்றில். அந்த இடங்களில் பலவற்றை இன்றும் வரைபடத்தில் வைக்க முடியவில்லை. 1136 வாக்கில் மன்மத்தின் ஜெஃப்ரி எழுதிய பிறகுதான் அவர் ஐரோப்பாவின் பெருவேந்தர் ஆனார். அங்கே கதை இருக்கிறது, மனிதனைத் தேடுகிறார்கள். நம் வழக்கு தலைகீழ். மனிதன் கல்லிலும் செம்பிலும் இருக்கிறான், கதையும் இருக்கிறது, இரண்டையும் கட்டும் கயிறு உண்டா என்பதே கேள்வி. மனிதன் உறுதியானவன் என்பதாலேயே இணைப்பும் உறுதியானது என்று எண்ணிவிடுவது எளிது. அந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது.

மனிதனைப் பற்றிய சான்று அசைக்க முடியாதது. 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராஜேந்திரனின் படை 1025ஐ ஒட்டிக் கடல் கடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தி, கப்பல்களை அனுப்பிக் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், அவன் யானைகளையும் குவித்த செல்வத்தையும் மணிகள் பதித்த வாயில்களையும் கைப்பற்றியதையும் பதிவு செய்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என 13 இடங்கள் அதில் வருகின்றன. அதற்கு முன்னரே அதே கடாரத்து அரசகுலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதையும், இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததையும் லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. பலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு ஒன்று இருந்தது என்பதையே உலகம் முறையாக உணர்ந்தது, பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ் 1918இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். அதற்குத் தஞ்சைக் கல்வெட்டு ஒரு தூணாக நின்றது.

இனி அந்த மெய்க்கீர்த்தியையும் செஜாரா மெலாயுவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொருந்தாதவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. இராஜேந்திரன் வென்றதில் தலையாய புதுமை கப்பற்படை. கதையிலோ படை நிலத்தில் நடக்கிறது; யானையும் குதிரையும் மிதித்துக் காடு வெளியாகிறது, மலை அதிர்கிறது, ஆறு வற்றிச் சேறாகிறது. கடலையே வாழ்வாகக் கொண்ட மலாக்காக்காரர்கள் ஒரு கடற்படையெடுப்பை நினைவில் வைத்திருந்தால் கப்பலை மட்டும் மறந்திருப்பார்களா? அடுத்தது ஊர்கள். சோழர் பட்டியலின் 13 பெயர்களில் கங்கா நகரம் இல்லை, கிளாங் கியூ இல்லை. கதையின் வெற்றிகளில் கடாரம் இல்லை. இரண்டிலும் பொதுவாக ஓர் ஊர்கூட அகப்படவில்லை. ஒலியை மட்டும் கேட்டால் கிளாங் கியூவை நம் கிள்ளான் என்று சொல்லிவிடத் தோன்றும். நூலே அதை ஜொகூர் ஆற்றின் மேல் வைக்கும்போது அந்த ஆசைக்கு இடமில்லை. இதைவிடக் கனமானது கெடாவின் மௌனம். அடி விழுந்த கடாரம்தான் கெடா. ஆனால் கெடாவின் சொந்த வரலாற்றுக் கதையான 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' ரோமிலிருந்து வந்த வீரனையும், கருடனையும், கோரைப்பல் அரசனையும் பேசுகிறது, சோழனைப் பேசவில்லை. அடிபட்டவன் வீட்டில் இல்லாத நினைவு, பல நூறு கல் தெற்கே, 587 ஆண்டுகள் கழித்து ஜொகூரில் வாய்மொழியாகவே தங்கியிருந்தது என்று நம்புவது கடினம்.

கதையின் மற்ற துண்டுகளுக்கு வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிப் பேழையில் கடலடிக்குப் போவது அலெக்சாந்தரைப் பற்றி மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து பாரசீகம் வரை பரவிய புகழ்பெற்ற கற்பனை. மலாய் மொழியில் இருக்கும் 'ஹிக்காயாட் இஸ்கந்தர் சுல்கர்னைன்' அந்தக் கதைமரபின் கிளை. கெலிங் அரசனின் முன்னோராக வரும் நூஷிர்வான் ஆதில், நீதிக்குப் பேர்போன சாசானியப் பேரரசர் முதலாம் குஸ்ரோ. இந்த அரசன் கெலிங் நாட்டில் கருங்கல் மதிலோடு பீஜ நகரம் என்ற மாநகரை எழுப்பியதாகவும் நூல் சொல்கிறது. அது விஜயநகரம், 14ஆம் நூற்றாண்டில், இராஜேந்திரன் மறைந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து எழுந்தது. ஆக, கிரேக்கப் பேரரசனின் கடற்பயணம், பாரசீக அரசனின் குலம், விஜயநகர ராயர்களின் கோட்டை எல்லாம் ஒரே உடலில் தைக்கப்பட்டிருக்கின்றன. தையலுக்குள் சோழத் துணி எது?

இருக்கிறது. கிளாங் கியூ அரசன் சூலினைப் பற்றி நூல் சொல்லும் ஒரு செய்தியை, அடையாளம் சொல்ல விரும்புகிறவர்களும் மறுக்கிறவர்களும் ஒருசேரக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காற்றுக்குக் கீழுள்ள நாடுகளின் அரசர் எல்லாரும் அவனுக்கு அடங்கியவர்கள் என்கிறது நூல். பருவக்காற்றைப் பிடித்து வரும் வணிகருக்குத் தென்கிழக்காசியாதான் காற்றுக்குக் கீழுள்ள நாடு. அந்தத் துறைமுகங்கள் அனைத்துக்கும் தலைவனாக இருந்த ஒருவன், கிழக்குக் கரையிலிருந்து வந்த அரசனால் வீழ்த்தப்படுகிறான். ஜொகூர் ஆற்றுக் கோட்டையின் குறுநில அரசனுக்கு இந்த வருணனை பொருந்தாது. ஸ்ரீவிஜய மகாராஜனுக்குத்தான் பொருந்தும். அவனை இந்தியக் கரையிலிருந்து வந்து அடித்தவர்கள் என்று வரலாறு அறிந்தவர்கள் சோழர்கள் மட்டுமே. கிளாங் கியூவை மணிகளின் கருவூலம் என்று நூல் விளக்குவதும், மெய்க்கீர்த்தியில் வரும் மணிவாயில்களும் செல்வக் குவியலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பெயர் ஒப்புமை மட்டும் இருந்திருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். சூரன் என்பது வடமொழி வீரன், ஷூலான் என்பது பாரசீகச் சாயல் என்று மறுப்போர் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் பெயரும், கெலிங் நாடும், நாகப்பட்டினமும் (ஒரு பிரதி மரபு அரசனை அவ்வூரினன் ஆக்குகிறது, வேறொன்று வேறு நகரைச் சொல்கிறது), கீழைக்கடலின் தலைவனை வீழ்த்திய செயலும் ஒரே இடத்தில் கூடுவதைத் தற்செயல் என்பதற்குத்தான் அதிக நம்பிக்கை தேவைப்படும்.

இந்தக் கூட்டு எந்த வழியாக நூலுக்குள் வந்தது? வழியைக் காட்டாமல் ஒப்புமை பேசுவது அரை வேலை. நூலின் முன்னுரையிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. துன் ஸ்ரீ லானாங் தம் தலைமுறைகளை எண்ணிக்கொண்டு போய், ஸ்ரீ நாரா திராஜா துன் அலி, அவருக்கு முன் மணி புரிந்தான் என்று நிறுத்துகிறார். மணி புரிந்தான் யார் என்பதை நூல் பின்னர் சொல்கிறது: பஹிலி என்ற இந்தியக் கரை நாட்டிலிருந்து மலாக்கா வந்து, பெருங்குடியில் பெண்ணெடுத்த அரசகுமாரன். அதாவது, கெலிங் அரசன் கதையைப் போற்றி எழுதிய குடும்பமே கெலிங் கரையில் வேர் உள்ள குடும்பம். அதன் பின்னணியில் நூற்றாண்டுக் கணக்கான வணிகம் இருந்தது. சுமத்ராவின் பாரூஸ் அருகே 1088இல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டிய தமிழ்க் கல்வெட்டும், சீனத்தின் சுவான்சௌவில் 1281ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் அதற்குச் சாட்சி. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள் என்பது நைனா சத்துவைப் பெண்டஹாரா ஆக்கியதிலிருந்தே தெரியும். நாகப்பட்டினத்துக்கும் மலாக்காவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் துணியோடு பழம்பெருமையும் ஏறி வந்திருக்கும். அந்தப் பெருமைக்குச் சோழன் என்ற பெயர் முத்திரையாக இருந்தது. எந்தச் சோழன் என்பது வணிகருக்கு வேண்டியதாகவே இருந்திருக்காது.

ஒரு பெயர் மனிதனை உதிர்த்துவிட்டு மரபின் அடையாளமாக மட்டும் வாழ முடியுமா என்றால், சுமத்ராவிலேயே உதாரணம் உண்டு. காரோ பத்தாக் மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா என்ற உட்பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. சோலியா குடியினர் 1025ஆம் ஆண்டுப் போரை நினைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சூடவில்லை. கடல் தாண்டி வந்த ஒரு பெருமையின் பெயரைச் சூடினார்கள். மலாக்கா அரண்மனையும் அதையே செய்திருக்கிறது, ஏட்டிலும் எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். தமிழர் தரப்பில் சிலர் சொல்வது: மலாய் ஏட்டாசிரியர்கள் சோழர் வெற்றியை மறைக்கத்தான் கதையைக் குழப்பினார்கள். மறைக்க நினைப்பவன் படையெடுத்து வந்தவனைத் தன் பாட்டன் ஆக்கிக்கொள்வானா? நூல் செய்வது மறைப்புக்கு நேர்மாறு. 1612இல் சோழன் அஞ்சத்தக்கவன் அல்லன். ஆண்டு அடங்கிப் போன பேரொளி. மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் இழந்து, ஜொகூரில் ஒடுங்கி, அச்சேயின் அடிகளையும் வாங்கிக்கொண்டிருந்த அரண்மனைக்கு இஸ்கந்தரும் சோழனும் ஒரே வரிசையில் தேவைப்பட்டார்கள். இன்னொரு தரப்பு சொல்வது: எல்லாம் இஸ்லாமிய-பாரசீகக் கற்பனை, இந்தியாவுக்கு இதில் இடமில்லை. அப்படியானால் பாரசீகத்திலிருந்தே நேராக மரபை இறக்கியிருக்கலாமே, வழியில் கெலிங் நாட்டில் ஏன் இத்தனை பக்கம் தங்கவேண்டும்? சீனத்தின்மேல் படையெடுக்கும் பகுதியையும் கவனிக்கலாம். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனரே பதிந்திருக்கிறார்கள். தூரம் அஞ்சித் திரும்பிய கெலிங் அரசனின் வேடிக்கைக் கதை அதிலிருந்து நேரே பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கெலிங் கரை, மலாய்க் கடல், சீனம் என்ற மூன்று புள்ளிகளின் கோடு, கதைசொல்லியின் கற்பனைக்கு முன்பே கடலில் இருந்தது.

வலுவான மறுப்பு இன்னொன்று. சோழன் என்று ஒப்புக்கொண்டால், கீழைக்கடலை அடித்த சோழன் இராஜேந்திரன்தானே, பிறகென்ன தயக்கம்? முதலில், அவன் ஒருவன் மட்டும் அல்லன். வீரராஜேந்திரனின் ஆட்சியில், 1068ஐ ஒட்டி, கடாரத்தை மீண்டும் வென்று, அடைக்கலம் கேட்டு வந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு பேசுகிறது. குலோத்துங்கன் காலத்திலும் கடாரத்து உறவு தொடர்ந்ததை 1090ஐச் சேர்ந்த சிறிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. இரண்டாவதாக, இராஜேந்திரனுக்கே உரிய ஒரு தனிக்குறிகூடக் கதையில் இல்லை: கங்கைப் படையெடுப்பு இல்லை, கங்கைகொண்ட சோழபுரம் இல்லை, தந்தை பெயர் இல்லை. ஐரோப்பாவில் பெர்னின் டீட்ரிஷ் என்ற கதைநாயகனைக் கோத்திய மன்னன் தியோடோரிக் என்று அறிஞர்கள் தயக்கமின்றி ஏற்கிறார்கள். அந்தக் கதையும் காலத்தைக் குழப்புகிறது. தியோடோரிக் பிறப்பதற்குச் சற்று முன்பே, 453இல் இறந்த அட்டிலாவின் அரண்மனையில் அவனை இருத்துகிறது. ஆயினும் அங்கே பெயர் தனி மனிதனின் பெயர், இத்தாலியும் ரவென்னாவும் கதைக்குள் இருக்கின்றன. சூலான் தனி மனிதனின் பெயராக அன்றிக் குலப்பெயராகவே வருகிறது. ஆகவே என் முடிவு இது: ராஜா சூலானுக்குப் பின்னால் இருப்பது சோழர் என்ற அரசகுலமும், அது ஸ்ரீவிஜயத்தை வீழ்த்திய நிகழ்ச்சியின் மங்கிய நிழலும். இராஜேந்திரன் என்ற மனிதன் அந்த நிழலுக்குள் கரைந்திருக்கலாம். அவனைத் தனியே பிரித்தெடுக்கச் சான்று இல்லை.

இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. தமிழரும் இராஜேந்திரனை வழிவழியாகப் போற்றி வைத்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஷ் முதலியோர் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்ட பிறகு, நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு வந்த பிறகு, அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' வீடுதோறும் வாசிக்கப்பட்ட பிறகுதான் கடாரம் நம் பேச்சில் ஏறியது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் கிள்ளானில் கப்பலிறங்கியபோது அவர்களிடம் இந்தப் பெருமை இருந்ததில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு போன்ற நிகழ்வுகள் அதை ஊட்டின. புத்தகத்திலிருந்து வந்த நினைவைப் புத்தகத்தை வைத்தே சரிபார்ப்பதுதான் முறை.

செய்ய வேண்டிய வேலையும் தெளிவானது. செஜாரா மெலாயுவின் கைப்பிரதிகள் ஏறத்தாழ முப்பது இருக்கின்றன. ஷூலான், சூரன், சூலான் பெயர்கள் எந்தப் பிரதியில் எந்தச் செயலோடு வருகின்றன, நாகப்பட்டினம் எதில் இருக்கிறது எதில் இல்லை என்று வரிசைப்படுத்தினால், சோழப் பெயர் நூலுக்குள் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று சொல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு ஜாவியும் வேண்டும், மெய்க்கீர்த்தித் தமிழும் வேண்டும். மலாயைப் பள்ளியிலும் தமிழை வீட்டிலும் கற்ற மாணவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் அதிகம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் மலாய் ஆய்வுக் கழகமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் பட்டப்படிப்புக்குத் தலைப்புத் தேடும் பிள்ளை இருந்தால், இந்தத் தலைப்பை எடுத்துக் கொடுங்கள்.